மதிய நிகழ்ச்சிக்கு இரண்டு புதுக் குரல்கள்: அறிமுகத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது?

மைக்குக்குப் பின்னால்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ராமநாதபுரம் கரைப்பக்கத்துச் சமுதாய வானொலி ஒன்றுக்கு நேரம் கிடைக்கும்போது எழுத்து வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை வரும் நிகழ்ச்சியை நடத்திவந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போகிறார். இனிமேல் இரண்டு பேர் சேர்ந்து நடத்தப்போகிறார்கள். அவர்களை அறிமுகம் செய்ய ஒன்றரை நிமிட ஒலித்துண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பத்தியும் கேட்டிருக்கிறார்கள்.

பெயர்களை இங்கே போடவில்லை. அக்கா, தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். கல்யாணத்துக்கு முன்னால் இவரும் போயிருக்கிறார். இப்போது மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார். பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். தம்பி படகு எஞ்சின் மெக்கானிக். திருவிழா மேடைகளில் பலகுரல் செய்வார், ஆனால் மைக் முன்னால் உட்கார வைத்தால் கொஞ்சம் இறுகிப் போகிறார்.

நான் எழுதிய வரைவு இப்படித் தொடங்குகிறது: "கலகலப்புக்குப் பஞ்சமில்லாத அக்காவும் கலாய்ப்புக்குக் குறைவில்லாத தம்பியும் உங்கள் மதியப் பொழுதை மணக்க வைக்க வருகிறார்கள்!" நிலையத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் உறுத்துகிறது. தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

தொண்டிக்காரர்

உறுத்தத்தான் செய்யும். அந்த வரியைக் கோயம்புத்தூரில் வாசித்தாலும் பொருந்தும், திருச்சியில் வாசித்தாலும் பொருந்தும். கடல் எங்கே? மதியம் எங்கே? "மணக்க வைக்க" என்று கருவாடு காய்கிற ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், அதுவும் நீங்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல.

ஆட்களைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், 2 மணிக்கு ரேடியோ போட்டுக் கேட்பது யார் என்று யோசித்தீர்களா?

பாசிக்காரி மகள்

அதை நான் சொல்கிறேன். சின்னப்பாலம் பக்கம் பாசிக்குப் போகிறவர்கள் கரை திரும்பி, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, குளித்து, சோற்றை வைத்துக்கொண்டு உட்காரும் நேரம் ஏறக்குறைய அதுதான். பாறையில் கை கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றியிருப்பார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி விரல் வெளுத்துப் போயிருக்கும். அந்தக் கையோடு போனைத் தேய்த்து நம்பர் போட்டு, "உங்களுக்குப் பிடித்த பாட்டு என்ன?" என்று கேட்பவரிடம் பேச யாருக்கும் மனசு வராது. காதில் ஏதாவது விழுந்தால் போதும் என்று இருக்கும்.

அப்புறம் கிழிந்த வலையைப் பொத்துகிற ஆண்கள். நண்டு வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்கள். பஸ் ஸ்டாண்டில் சவாரி இல்லாத ஆட்டோக்காரர்கள். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் முண்டு மிளகாய் காயப் போட்டிருக்கும் களத்தில் ஒரு ரேடியோ இருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் மதிய வெயிலுக்கு ஒதுங்கி நிற்பவர்கள் இருப்பார்கள். யாருமே சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை. கை வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். ஒன்றரை நிமிட அறிமுகத்தில் முதல் இருபது விநாடி இசையும் எதிரொலியும் போட்டால் அவ்வளவுதான், காதும் வேறு பக்கம் போய்விடும்.

பழைய பிலிப்ஸ் பெட்டி

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் கரையில் வானொலி என்றாலே இலங்கை வானொலிதான். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. சென்னை நிலையம் கரகரத்தால் பெட்டியைத் தட்ட வேண்டும், கொழும்பு தட்டாமலே வரும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று அந்த அறிவிப்பாளர்கள் எல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. அவர்களை யார் அறிமுகம் செய்தார்கள்? எந்த ஊர், என்ன படிப்பு, கல்யாணம் ஆனவரா என்று ஒன்றும் தெரியாது. ராஜா பேசினால் அந்த வேகத்தை வைத்தே ராஜா என்று தெரியும். ஹமீது பேசினால் ஒவ்வொரு ழகரமும் தனியாகக் காதில் விழும். பல வருஷம் கழித்து அவரை டிவியில் பார்த்தபோதுதான் முகமே தெரிந்தது.

என்னைக் கேட்டால் அறிமுகமே வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கட்டும்.

மண்டபம் ஜங்ஷன்

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு. கொழும்பிலிருந்து வந்தது கடல் தாண்டிப் பல மாவட்டங்களில் கேட்ட ஒலிபரப்பு. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கும் திறன் 100 வாட். சுற்றுவட்டாரம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். கடல் பக்கம் மறைப்பு இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அப்துல் ஹமீதை எங்கள் அப்பா மீன் மார்க்கெட்டில் பார்த்ததில்லை. இந்த அக்காவை நேயர்கள் மறுநாள் காலை ரேஷன் கடை வரிசையில் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அதனால் "இவர் யார்" என்பதைவிட "தெரிந்த இந்த ஆள் இனிமேல் 2 மணிக்கு நமக்கு என்ன செய்வார்" என்பதுதான் கேள்வி. பாம்பனில் கடல் ஓசை 90.4 எஃப்.எம். 2016இலிருந்து மீனவர்களுக்காகவே ஓடுகிறது. அங்கே பேசுபவர்கள் கரையோர ஆட்கள், பேசுவதும் கரையோரப் பேச்சு. அறிவிப்பாளர் என்று தனியாக ஒரு பிறவி இருப்பதுபோல் காட்டிக்கொள்ளாததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

கீழக்கரைக்காரி

போன் நம்பர் விஷயத்தை யாராவது எடுப்பார்கள் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. நானே எடுக்கிறேன்.

என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வேறு மாவட்டத்தில் ஒரு சின்ன நிலையத்தில் இருந்தாள். அறிமுகத்துக்கு என்று அவள் படம், பெயர், ஊர், தெரு, வாப்பா பார்க்கிற தொழில் எல்லாவற்றையும் போஸ்டரில் போட்டார்கள். நேயர்கள் பேச அவள் சொந்த நம்பரையே கொடுத்தார்கள், அலுவலக போனுக்கு ரீசார்ஜ் செய்யக் காசில்லையாம். இரவு பதினொரு மணிக்கு "உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு" என்று ஆரம்பிக்கும். வீட்டில் காக்கா (அண்ணன்) போனை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் வேலையை விட்டாள். நிலையத்தில் சொன்னபோது கிடைத்த பதில்: "பிரபலமானா இதெல்லாம் சகஜம்மா." மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு என்ன பிரபலம்?

அந்த அக்காவின் அறிமுகத்தில் தெரு வேண்டாம், புருஷன் பெயர் வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம். நம்பர் நிலையத்துடையதாக இருக்கட்டும், அதை 2 முதல் 4 வரை வேறொருவர் எடுக்கட்டும். தம்பிக்கும் இதே விதி. அவருக்கு மட்டும் படம் போட்டு அக்காவுக்குப் பூப்படம் போட்டால் அது இன்னும் மோசம்.

சோழகம்

ஊரைச் சொல்லாமல் எப்படி? நம் பக்கம் மைக்கைப் பிடித்த உடனே வருகிற முதல் கேள்வியே "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?"தான். அதில் தப்பாக ஒன்றுமில்லை, பாசத்தில் கேட்பது. சொல்லாவிட்டால் "என்னத்தையோ மறைக்கிறாக" என்பார்கள்.

கீழக்கரைக்காரி

பாசத்தில் கேட்பவர்கள் பாதி. மீதிப் பாதி எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரையும் தெருவையும் சொன்னால் சாதி வந்துவிடும், மதம் வந்துவிடும். அப்புறம் "அவுக ரேடியோ", "இவுக ரேடியோ" என்று ஆகிவிடும். தங்கச்சிமடத்தில் ஒரு கூட்டம் கேட்க வேண்டும், பெரியபட்டினத்தில் ஒரு கூட்டம் கேட்க வேண்டும், தேவிபட்டினத்திலும் கேட்க வேண்டும் என்றால் தெருப்பெயர் உதவாது.

தொண்டிக்காரர்

சரி, நடுவில் ஒரு வழி இருக்கிறதே. ஊர் வேண்டாம், தொழில் சொல்லலாம். "பாசிக்குப் போன கை" என்றால் பாம்பனிலும் புரியும், ஏர்வாடியிலும் புரியும்.

சோழகம்

தொழிலைச் சொன்னால் மட்டும் சாதி தெரியாதாக்கும்! ஆனாலும் தெருவைச் சொல்வதைவிட அது தேவலாம். அக்கா உண்மையிலேயே பார்த்த வேலை, மறைக்க என்ன இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

பழைய பிலிப்ஸ் பெட்டி

இன்னொன்று. இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்ட நாளில் இந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை ஒரு நிலையத்துக்குப் போன் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. நேரலை. பாட்டு கேட்கத்தான் போடுகிறது என்று எடுத்துவிட்டார்கள். "எங்க வீட்டு ஆளு போன படக நேவிக்காரன் பிடிச்சுட்டானாமே, உங்களுக்கு எதுவும் தெரியுமா தம்பி?" என்று கேட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "லைன் சரியில்லை நேயரே" என்று சொல்லிவிட்டுக் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டார் அறிவிப்பாளர். அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தப் பாட்டு முடியும்வரை நின்றது.

மண்டபம் ஜங்ஷன்

கொடுமை. ஆனால் அந்த அறிவிப்பாளருக்கும் கை கட்டித்தான் இருந்திருக்கும். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது என்பது விதி. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், பரீட்சை, வேலைவாய்ப்பு, பேரிடர் எச்சரிக்கை எல்லாம் சொல்லலாம். "இன்னார் படகு பிடிபட்டது" என்பதை இவர்களாகச் சொல்ல முடியாது. தெரிந்தாலும் முடியாது.

ஆனால் மனுஷத்தனமாக ஒரு பதில் இருக்கிறது: "அக்கா, அதை நாங்க ரேடியோவுல சொல்லக்கூடாது. லைனிலேயே இருங்க, மீன்வளத்துறை நம்பரும் உங்க சங்க நம்பரும் எடுத்துத் தர்றோம்." அழைப்பை ஒலிபரப்பிலிருந்து எடுத்துவிட்டுத் தனியாகப் பேச வேண்டும். இதை அறிமுகத்திலேயே ஒரு வரியில் சொல்லலாம். எதற்குப் போன் போடலாம், எதற்குப் பதில் வராது என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் நல்லது.

பாசிக்காரி மகள்

தம்பியைப் பற்றி யாருமே பேசவில்லையே. எஞ்சின் மெக்கானிக் என்றால் எனக்கு ஒரு யோசனை. "இவர் திறமையான மெக்கானிக்" என்று சொல்ல வேண்டாம். வல்லத்து (நாட்டுப்படகு) எஞ்சின் ஒன்று திணறி ஓடுகிற சத்தத்தைப் பத்து விநாடி போடுங்கள். அவரையே கேட்டுவிட்டு என்ன கோளாறு என்று சொல்லச் சொல்லுங்கள்.

மைக்குக்குப் பின்னால்

இதை இன்று மதியமே செய்து பார்த்துவிட்டேன்! ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சத்தத்தைப் போட்டோம். மைக்கைப் பார்த்தாலே விறைத்துப் போகிற ஆள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நின்னு நின்னு பிடிக்குது பாருங்க, இது டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கு. பில்டர் பக்கத்து ஸ்குரூவ லேசா லூஸ் பண்ணி, நுரை போற வரைக்கும் கைப்பம்ப அடிங்க. நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் டைட் பண்ணிருங்க. அதுக்கும் சரியாகலைன்னா கரைக்கு வந்துருங்கண்ணே, நடுக்கடல்ல டீசல் பீச்சுற நாசில கழட்டிக்கிட்டு உக்காராதீக." ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பலகுரலை விட இது நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. தலைமை ஒருங்கிணைப்பாளர் உடனே "வாரம் இரண்டு நாள் இதை வைத்துவிடலாம்" என்றார்.

தொண்டிக்காரர்

அறிமுகம் கிடைத்துவிட்டது. அக்காவுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும்.

மைக்குக்குப் பின்னால்

அக்கா கணக்கில் புலி. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கு 3000 சேர்ந்து 4500 ஆகத் திரும்ப வரும் இல்லையா? எந்த மாதத் தவணை விட்டுப்போனது, பாஸ்புக்கில் எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் ஒருவருக்கு வந்து அடுத்த வீட்டுக்காரருக்கு வரவில்லை என்றால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் கேட்பார். குழுப் பெண்கள் இப்போதே அவர் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கீழக்கரைக்காரி

அந்தத் திண்ணையை அப்படியே ரேடியோவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் கேள்வி கேட்பவர் பெயரையும் கணக்கு எண்ணையும் ஒலிபரப்பில் சொல்லக்கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பேச்சு வேகத்தில் வந்துவிடும்.

இன்னொன்று, நாலு மணிக்குச் சற்று முன்னால் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். அந்த நேரம் எந்தப் பாட்டு போகிறது என்று பார்த்து வையுங்கள். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். அணைத்தவர்கள் மறுபடி போடுவதில்லை.

மைக்குக்குப் பின்னால்

புது வரைவு. இருவரும் அவரவர் குரலில் சொல்வது. இசை இல்லை.

"(எஞ்சின் சத்தம், ஆறு விநாடி)

தம்பி: இந்தச் சத்தம் உங்க படகுல கேட்டா எனக்கு அனுப்புங்க. என் பேரு ______. எஞ்சின் வேலை பாக்குறேன். இனிமே மதியம் உங்க கூட.

அக்கா: நான் ______. பாசிக்குப் போன கை, இப்ப கணக்கு எழுதுது. சேமிப்புப் பணம், நிவாரணம், நலவாரியம், எதுல சிக்கல்னாலும் கேளுங்க. பேரு சொல்ல மாட்டோம்.

தம்பி: ரெண்டு மணிக்கு முதல்ல காத்தும் அலையும். பாம்பன்ல எத்தனாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருக்காகன்னு சொல்லிட்டுத்தான் பாட்டு.

அக்கா: பேச முடியலைன்னா குரல் பதிவு அனுப்புங்க. படகு விஷயம் எங்களால ரேடியோவுல சொல்ல முடியாது. ஆனா போனை வைக்க மாட்டோம், யாருகிட்ட கேக்கணும்னு சொல்லுவோம்.

தம்பி: மதியம் ரெண்டுல இருந்து நாலு.

அக்கா: சாப்பிட்டுட்டுக் கேளுங்க."

பழைய பிலிப்ஸ் பெட்டி

நன்றாக வந்திருக்கிறது. அறிமுகமே வேண்டாம் என்றவன் நான், இதற்குக் குறை சொல்ல மாட்டேன். கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். "சாப்பிட்டுட்டுக் கேளுங்க" என்றால் ரம்ஜான் மாதத்தில் மாற்ற வேண்டும்.

கீழக்கரைக்காரி

ஹா ஹா, நாங்கள் அதற்கெல்லாம் கோபப்பட மாட்டோம் ஐயா. இருந்தாலும் "சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க" என்று வைக்காமல் விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம். எடுத்துவிடுங்கள், நாலு மணியோடு முடியட்டும்.

சோழகம்

எந்த நாள் போடப்போகிறீர்கள்?

மைக்குக்குப் பின்னால்

திங்கள்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. வாரத் தொடக்கம்.

சோழகம்

வாரத் தொடக்கம் ஆபீஸ்காரர்களுக்கு. ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு போகிற நாள். காலையில் மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலைதான் கரை. திங்கள் மதியம் அவர்கள் உங்கள் 100 வாட் எட்டாத இடத்தில் இருப்பார்கள். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்கள் முறை. ஒரே நாளில் போட்டால் எப்படியும் ஒரு பாதி கடலில்தான் இருக்கும். திங்கள் ஒரு தடவை, செவ்வாய் ஒரு தடவை போடுங்கள். செவ்வாய் 2 மணிக்கு விசைப்படகு ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அதனால் மூன்றரைக்கு இன்னொரு தடவை. ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கிய உடனே மறுபடி போடுங்கள். அந்த 61 நாளும் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் வலையும் கையுமாக இருப்பார்கள், மதிய ரேடியோவுக்கு அதைவிட நல்ல சீசன் கிடையாது.

பாசிக்காரி மகள்

வாட்ஸ்அப் பத்தியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் வயரைச் சொருக வேண்டும், அதுதான் ஆன்டெனா. வயர் சொருக ஓட்டையே இல்லாத புது போன்களை வைத்துக்கொண்டு "உங்க ஸ்டேஷன் எடுக்கலை" என்று நிறைய பேர் சொல்வார்கள். சின்ன ரேடியோ வாங்கினால் போதும் என்று எழுதுங்கள்.

மைக்குக்குப் பின்னால்

சேர்த்துவிட்டேன். திங்கள் 2 மணி, செவ்வாய் 2 மணி, 3.30. நம்பரை எடுக்க நிலையத்திலேயே ஒருவரை உட்கார வைத்தாயிற்று. போஸ்டரில் படம் இல்லை, ஒரு வல்லமும் நேரமும் மட்டும். அக்காவிடம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.